புல்லுக்கடியில் ஒரு காணி

கடிதம் வந்து நாலு நாளாகிவிட்டது. ஓஸ்லா அதைத் தேநீர்க் கெண்டிக்கு அடியில் வைத்திருந்தாள். கெண்டியை எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை படிப்பாள், படித்துவிட்டு ஒரு தடவை திட்டுவாள். அரசாங்கக் காகிதத்துக்குக் காது கிடையாது என்பதால் அதுவும் வட்ட வட்டமாகக் கறையை வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்தது.

கடிதம் சொன்னது இதுதான். ஓஸ்லாவின் காணிக்குள், வீட்டுக்கு மேற்கே மேட்டின்மேல் இருக்கிற வரலாற்றுக்கு முந்தைய வீடு, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். கடல் கரையை அரித்துக்கொண்டு மேட்டை நெருங்கி வருகிறது. ஆகவே அந்த வீட்டுக்குள் புல்லுக்கு அடியில் இருக்கிற, நாலாயிரம் வருடப் பழமை வாய்ந்த, அறை அறையாகத் தடுத்த அரிய கல் தட்டைச் செப்டம்பர் மாதம் பெயர்த்தெடுத்து நகரத்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்கள். வியாழக்கிழமை ஐலித் என்கிற அதிகாரி எடின்பரோவிலிருந்து நேரில் வந்து விளக்குவார். காணி ஓஸ்லாவின் பெயரில் இருப்பதால் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

நாலாயிரம் வருடமாம்! அந்தத் தட்டின் வயது சரியாக ஐம்பத்து மூன்று. அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் போன பிப்ரவரியில் நியூசிலாந்தில் செத்துப்போனான். இன்னொருத்தி கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள்.

ஹவ்னே தீவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு காணி இருந்தது. பெரியவர்களின் காணி ஏக்கர் கணக்கு, பிள்ளைகளின் காணி முழக் கணக்கு. சின்னக் கற்களைக் குத்தாக நட்டுப் பட்டி கட்டுவார்கள். கடற்கரையில் பொறுக்கிய விசிறிச் சிப்பிகள்தான் ஆடுகள். பெரிய கறுப்பு மட்டிகள் பசுக்கள். நண்டுக் கொடுக்கு, நாய். சிப்பி உடைந்தால் ஆடு செத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முறைப்படி துக்கம் கொண்டாடி, முறைப்படி புதைத்து, மறுநாளே கரைக்குப் போய் வேறு ஆடு கொண்டுவருவார்கள். மற்றப் பிள்ளைகள் வீட்டு வாசலிலோ ஓடைக்கரையிலோ காணி போட்டார்கள். ஓஸ்லாவின் அண்ணன் ராஸ்மிக்கு அது போதவில்லை. எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் அவனுக்கு. தங்கையை இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு மேற்கே இருந்த குட்டிச்சாத்தான் மேட்டுக்குப் போனான்.

மேட்டின்மேல் இடுப்புயரத்துக்கு ஒரு நீள்வட்டச் சுவர், பாதி கல், பாதி புல். உள்ளே நுழைந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். ஹவ்னேயில் காற்று நிற்கிற இடம் என்பதே ஒரு சொத்து. உள்கோடியில் சுவரைக் குடைந்த மாதிரி ஒரு மாடம், மாடத்தின் தரையில் கதவளவுக்கு ஒரு தட்டைப் பாறை. அங்கே கண்ணயர்ந்தால் குட்டிச்சாத்தான்கள் மேட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வெளியே வந்தால் நூறு வருடம் போயிருக்கும் என்று அம்மா மிரட்டுவாள்.

“வந்தா வரட்டும். நம்ம ஆட்டுக்கு மயிர் பிடுங்க ஆள் வேணும்ல,” என்பான் ராஸ்மி.

அவனுக்கு அப்போது பதினொன்று, அவளுக்கு எட்டு. அந்த வருடக் கோடை முழுக்க அந்தப் பாறைமேல் ஒரு காணியைக் கட்டி எழுப்பினார்கள். அவன் மேஸ்திரி, அவள் சித்தாள்.

“கோணலா நடாதே பொடிசு. கோணலா இருந்தா கிடா தாண்டிரும்.”

“சிப்பி எப்படிடா தாண்டும்?”

“மத்தவங்க கிடா தாண்டாது. நம்ம கிடா தாண்டும்.”

அப்பாவின் பேனாக்கத்தியைத் திருடிக்கொண்டு வந்து ஒவ்வொரு சிப்பியின் விளிம்பிலும் அவன் காதுக்குறி போட்டான். தீவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. மலையில் எல்லார் ஆடும் கலந்துதான் மேயும், காதைப் பார்த்துத்தான் யார் ஆடு என்று பிரிப்பார்கள். அவர்கள் வீட்டுக் குறி, நுனியில் ஒரு பிளவு, பின்பக்கம் பிறை மாதிரி ஒரு வெட்டு. சிப்பி ஆட்டுக்கும் அதே பிளவு, அதே பிறை. நாலு கோடை அந்தக் காணியை ஆண்டார்கள். அப்புறம் ஓஸ்லாவுக்குப் பன்னிரண்டு வயதானது. தீவுப் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. நகரத்து விடுதியில் போட்டார்கள். கோடை விடுமுறைக்கு வரும்போது அவள் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். மேட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புல் அதுபாட்டுக்கு வளர்ந்து தட்டை மூடியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஹார்பாட்டில் என்பவர் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற அளவைக்காரர், பழைய வீடுகள் என்றால் உயிர். பத்து மணி நேரம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, நாலு நாள் கொட்டுகிற மழையில், ஒரு தார்ப்பாயைத் தலைக்குமேல் கட்டிக்கொண்டு அந்த மேட்டில் கிடந்தார். மாடத்துப் புல்லைப் பத்தையாக உரித்தார், அடியில் இருந்ததைக் கல் கல்லாக அளந்து வரைந்தார், மறுபடி பத்தையை அப்படியே போர்த்தி வைத்தார். ஐந்தாம் நாள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வீட்டுக்குள் வந்தவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கைக்குட்டையைப் பிரித்து ஒரு சிப்பியை அப்பாவின் முன்னால் வைத்தார்.

“பார்த்தீங்களா ஐயா? விளிம்புல வெட்டு. ஒண்ணில்ல, ஏழு சிப்பியில இதே வெட்டு. அறை அறையா ஒரு கல் தட்டு, அதுல குறி போட்ட சிப்பிங்க. இது படையல். சாமிக்குப் படைச்சது!”

அப்பா சிப்பியைக் கையில் வாங்கினார். தன் தகப்பனும் தகப்பனுக்குத் தகப்பனும் வெட்டிய காதுக்குறியை அடையாளம் தெரியாத ஆள் அல்ல அவர். நுனியில் பிளவு, பின்பக்கம் பிறை. இரண்டு நிமிடம் புகைக்குழாயை உறிஞ்சினார். அடுப்படியில் நின்ற ஓஸ்லா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆமாமா,” என்றார் அப்பா கடைசியில். “ரொம்பப் பழசாத்தான் இருக்கும்.”

ஹார்பாட்டில் ரொட்டியும் உப்புக்கண்டச் சூப்பும் சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறிப் போனதும் ஓஸ்லா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா சொல்லல? அது நானும் ராஸ்மியும் செஞ்சது!”

“தெரியும். என் கத்தியோட முனை எப்படி மழுங்குச்சுன்னு இப்பத்தான் தெரியுது.”

“அப்ப சொல்லியிருக்கலாமே!”

“விருந்தாளி குடல் வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துட்டு வந்திருக்கான். நாலு நாள் மழையில நனைஞ்சிருக்கான். அவன்கிட்டப் போயி, ஐயா இது புள்ளைங்க வச்ச சொப்புன்னு சொல்றதா? நம்ம வீட்டுல அப்படி யாரையும் அனுப்பினது கிடையாது.”

ஹவ்னேக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. தூரத்திலிருந்து வந்தவன் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொன்னாலும், சாப்பாடு போட்டு அனுப்புகிற வரைக்கும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இந்த ஒரு மரியாதையால் ஹார்பாட்டில் பெரிய கட்டுரை எழுதினார். மேடு பாதுகாக்கப்பட்ட சின்னமானது. எல்லைக்குள் ஒரு கல்லை அசைக்கக்கூடாது, ஒரு வேலிக்கம்பு நடக்கூடாது, மண்வெட்டி படவே கூடாது. முயலுக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. மண்வெட்டி படக்கூடாது என்று ஆனபின் தட்டின் வயதை யார் போய்ச் சோதிப்பது? ஹார்பாட்டில் வரைந்த படத்தையே முப்பத்தைந்து வருடமாக எடின்பரோவில் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடமே ஓஸ்லா எல்லாவற்றையும் நியூசிலாந்தில் இருந்த ராஸ்மிக்கு எழுதினாள். பதில் வர இரண்டு மாதமானது. ‘பொடிசு, நமக்கு நாலாயிரம் வயசாயிடுச்சாம். படிச்சதும் சிரிச்ச சிரிப்புல பல் செட்டு கீழே விழுந்துச்சு. (ஆமா, முப்பதுக்குள்ள பல் போயிருச்சு. சிரிக்காதே.) நான் சாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. அதுவரைக்கும் சாமியாவே இருந்துட்டுப் போறோம்.’ ராஸ்மியின் கடிதங்கள் எல்லாமே இப்படித்தான். சிரிப்பு, ஆட்டுக் கணக்கு, மழைக் கணக்கு. எப்போது ஊருக்கு வருகிறாய் என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் இருக்காது.

அவன் போனது ஐம்பத்தொன்பது மே மாதம், பதினேழு வயதில், ஒரு சரக்குக் கப்பலில் எடுபிடியாக. ஓஸ்லாவுக்கு அப்போது பதினாலு. ஜூலையில் விடுமுறைக்கு அவள் வந்தபோது அவன் கட்டில் காலியாக இருந்தது. இரண்டே மாதம். இரண்டு மாதம் பொறுத்திருந்து ஒரு முகம் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா? துறையில் நின்று சீட்டியடித்துக்கொண்டே ஏறினானாம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பக்கத்துக் காணி கிப்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதை அவள் மன்னிக்கவே இல்லை. ஒரு காணிக்கு ஒரு பெயர்தான் ஏறும், ஒரு வீடுதான் நிற்கலாம், அதுதான் அங்கே சட்டம். மகன் போனதும் அப்பா மகள் பெயரை எழுதினார். ஓஸ்லா படிப்பை விட்டு வந்து ஆடு மேய்த்தாள், அடுப்பெரிக்கப் பீட் மண் வெட்டினாள், அம்மாவையும் அப்பாவையும் அடக்கம் செய்தாள். யாராவது அண்ணனைப் பற்றிக் கேட்டால் ‘அவனுக்கு உலகம் பார்க்கணும், இந்த ஊர் ஒட்டல’ என்பாள். நாற்பத்தேழு வருடம் அதையே சொன்னாள்.

அவ்வளவு கோபம் இருந்தும், பிப்ரவரியில் அவன் மகள் தொலைபேசியில் சொன்ன அன்று, ஓஸ்லா ரிசீவரை வைத்துவிட்டு நேரே மேட்டுக்குத்தான் போனாள். மாடத்துப் புல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் சட்டை, அவன் மண்வெட்டி, அவன் தூண்டில், எல்லாம் எப்போதோ மக்கிப்போனது. அவன் கை பட்டது என்று அந்தத் தீவில் மிச்சம் இருந்தது அந்தப் புல்லுக்கு அடியில் இருந்த சின்னக் கற்கள்தான். தான் கண்ணை மூடுகிற வரைக்கும் அவை அங்கேயே இருக்க வேண்டும். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

இப்போது பேசாமல் கையெழுத்துப் போட்டால் தட்டு பெட்டியில் ஏறி நகரத்துக்குப் போய்விடும். உண்மையைச் சொன்னால் ‘ஓ, குப்பையா’ என்று அள்ளி வீசிவிடுவார்களோ என்னவோ. முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தை ஏமாற்றினவள் என்கிற பெயர் வேறு. சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும். நாலு நாளாக இதை உருட்டி உருட்டி அவளுக்குத் தலை வலித்தது.

வியாழக்கிழமை காலைக் கப்பலில் ஐலித் வந்தாள். துறையிலிருந்து கிப்பிதான் தன் மீன் வண்டியில் ஏற்றி வந்தான். எழுபது வயதுக்கு மேல் ஆகியும் வாய் குறையாத மனிதன்.

“ஏ ஓஸ்லா! அரசாங்கத்தைக் கொண்டாந்திருக்கேன். ரெண்டு நெத்திலி செதில் ஒட்டியிருக்கும், கண்டுக்காதே. உன் கல்லுக்கு நகரத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சாச்சாம். நாம செத்தா ஒரு பலகைப் பெட்டி கிடைக்குமான்னு தெரியல.”

“உனக்குப் பெட்டி எதுக்கு? வாயை மட்டும் தனியா வைக்க ஒண்ணு போதும். போ, போய் ஆட்டைப் பாரு.”

ஐலித்துக்கு நாற்பது வயதிருக்கும். நனைந்த தலைமுடி, முகம் வெளுத்திருந்தது. அவளும் வழியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்பாவின் விருந்தாளி வியாதி ஓஸ்லாவின் ரத்தத்திலும் உண்டு. அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, தேநீர் ஊற்றி, சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

“ரொம்ப நன்றி ஓஸ்லா. உங்க மேட்டைப் பத்திப் படிச்சுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் தெரியுமா? ஹார்பாட்டிலோட கட்டுரையை வச்சுத்தான் பரீட்சை எழுதினேன்.”

“அப்படியா,” என்றாள் ஓஸ்லா.

“நீங்க இங்க மட்டும் கையெழுத்துப் போட்டா போதும். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குவோம். ஒரு கல்கூட உடையாம எடுத்துருவோம்.”

ஓஸ்லா பேனாவை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். அப்பாவாக இருந்தால் போட்டிருப்பார். விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார். பேனா முனை காகிதத்தில் தொட்டு ஒரு மைப்புள்ளி விழுந்தது. அதற்குமேல் கை நகரவில்லை.

“முதல்ல அந்த ரொட்டியைச் சாப்பிட்டு முடிங்க,” என்றாள். “சாப்பிட்டப்புறம் ஒண்ணு சொல்லணும். சாப்பிடும்போது சொல்லக்கூடாது.”

ஐலித் விழித்தாள். ஆனாலும் சாப்பிட்டாள். கடைசித் துண்டு உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு ஓஸ்லா சொன்னாள்.

“அந்தத் தட்டு நாலாயிரம் வருஷத்துது இல்ல. அம்பத்து மூணு வருஷத்துது. நானும் எங்க அண்ணனும் செஞ்சது. விளையாட்டுக்கு.”

ஐலித் சிரித்தாள், ரொம்ப அன்பாக. “எல்லா ஊர்லயும் யாராவது இப்படிச் சொல்லுவாங்க ஓஸ்லா. தாத்தா கட்டினார், மாமா கட்டினார்னு. குறி போட்ட சிப்பிங்க இருக்கே? அதுக்கு என்ன சொல்றீங்க?”

“வாங்க.”

ஓஸ்லா வெளியே போய், சுவரோரம் நின்ற ஒரு பெட்டை ஆட்டைக் கழுத்தோடு மடக்கிப் பிடித்து, அதன் காதை ஐலித்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனியில் பிளவு, பின்பக்கம் பிறை. ஐலித் வெகுநேரம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு அவள் கோட்டுப் பித்தானை மென்று பார்த்தது.

“கடவுளே,” என்றாள் ஐலித்.

உள்ளே வந்ததும் தான் கொண்டுவந்த தகரக் குழாயிலிருந்து ஒரு பெரிய காகிதத்தை உருவி மேசைமேல் விரித்தாள். ஹார்பாட்டில் எழுபத்தொன்றில் வரைந்த படம். ஓஸ்லா அதை அதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்கு அந்த மனிதர் தார்ப்பாய்க்குள் என்ன வரைந்தார் என்று யார் கண்டது? படம் எடின்பரோ அலமாரியில் அல்லவா இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு கல்லும் இருந்தது. எட்டு வயதில் அவள் கோணலாக நட்டு அவன் திட்டிய கல்கூட அதே கோணலோடு இருந்தது.

“இது வீடு,” என்றாள் விரலை வைத்து. “இந்த வீடு. ஒட்டினாப்புல இது தொழுவம். இது கீரைப் பாத்தி, காத்துக்குப் பயந்து சுவரு உசரமா வச்சோம். இந்த ஒடுக்கமான கட்டு கிடாவுக்கு. இது நோய் ஆட்டுக்கு. இந்தப் பாறையில கோடு மாதிரி ஓடுது பாருங்க, அதுதான் ஓடை. அரை வட்டமா இருக்கே, அது படகை ஏத்தி வைக்கிற பள்ளம். அப்பாவோட காணி எப்படியோ அப்படியே நாங்களும் போட்டோம். ஒரு பட்டி விடல.”

ஐலித் படத்திலிருந்து கண்ணை எடுத்து ஜன்னல் வழியே பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சரிவில் தொழுவம் இருந்தது, ஒடுக்கமான கிடாக்கட்டு இருந்தது, ஓடை இருந்தது, கரையில் படகுப் பள்ளம் இருந்தது. படத்தைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஓஸ்லா பதறிப்போய்ப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சாமிக்குத் தானியம் படைச்ச அறைகள்னு எழுதி நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினேன் ஓஸ்லா! பன்னெண்டு பக்கம் எழுதினேன்!”

“மன்னிச்சிருங்க. எங்கப்பாவுக்கு விருந்தாளியைத் திருத்தற பழக்கம் கிடையாது.”

“உங்களுக்கும்தான். ரொட்டி முடியற வரைக்கும் காத்திருந்தீங்களே.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஓஸ்லா நாலு நாளாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டாள். “இப்ப அதைத் தூக்கி எறிஞ்சிருவீங்களா?”

“எறியறதா? வீடு நாலாயிரம் வருஷத்துதுதான், அதுல மாத்தமே இல்ல. அந்த எல்லைக்குள்ள ஒரு கல்லைத் தொட எனக்கே அனுமதி வேணும். தட்டைப் பெயர்த்தெடுக்க ஒரு காரணம் இருந்துச்சு, இப்ப அதுவும் போச்சு. அது அங்கேயேதான் கிடக்கும். கடல் வர்ற வரைக்கும்.”

“கடல் எப்ப வரும்?”

“முப்பது வருஷம் ஆகலாம். நாப்பதும் ஆகலாம்.”

“எனக்கு அது போதும்,” என்றாள் ஓஸ்லா. சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். அதுவரை எவ்வளவு பயந்திருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

ஐலித் கையெழுத்துக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். இன்னொரு தாளை எடுத்தாள். “பதிவைத் திருத்தணும். நீங்க சொன்னதையெல்லாம் எழுதறேன். வீடு, தொழுவம், கீரைப் பாத்தி.” எழுதிக்கொண்டே வந்தவள் படத்தின் கீழ் மூலையில் பென்சிலை வைத்தாள். “இது ஒண்ணு பாக்கி. ஓடை முடியற இடத்துல, கீழ்க்கட்டு மூலையில. இது என்ன?”

ஓஸ்லா குனிந்து பார்த்தாள். ஒரு சின்ன அறை. சதுரமாக, நாலு சுவரும் நேராக, ஒரு கல் கோணல் இல்லாமல்.

“இது எங்களுது இல்லையே,” என்றாள். “அங்க நாங்க ஒண்ணும் வைக்கல. அங்க ஒண்ணும் கிடையாது.”

ஜன்னலுக்கு வெளியேயும் அந்த மூலையில் ஒன்றும் இல்லை. புல், நாலு ஆடு, அதற்கப்பால் கடல்.

“ஹார்பாட்டில் இதைப் பத்தித் தனியா எழுதியிருக்காரு,” என்றாள் ஐலித். படத்தின் ஓரத்தில் எறும்பு எறும்பாக இருந்த எழுத்தைப் படித்தாள். “‘இந்த அறை மட்டும் மற்றவற்றுக்குப் பிந்தியது. வேறு கை, இன்னும் தேர்ந்த கை. இது வீடு என்றே நினைக்கிறேன். உள்ளே அடுப்புக்கல் உண்டு. வாசல் கடலைப் பார்க்கவில்லை, மேலே உள்ள பெரிய அறையைப் பார்த்து வைத்திருக்கிறது.’ சிப்பியில ஏமாந்தாரே தவிர, கல் கட்டு விஷயத்துல அந்த மனுஷன் தப்பு பண்ணமாட்டாரு.”

ஓஸ்லா அந்தச் சதுரத்தின்மேல் விரலை வைத்தாள். அவள் விடுதியில் இருந்த இரண்டு வருடம் மேட்டில் வேறு யார் இருந்தார்கள்? ராஸ்மி பதினைந்து வயதில் பள்ளியை முடித்துவிட்டு வீட்டோடு இருந்தான். அப்பாவுடன் நிஜச் சுவர்களைக் கட்டிக்கொண்டிருந்தான். தீவிலேயே நல்ல கை என்று எல்லாரும் சொன்னார்கள். கீழ்க்கட்டு மூலையில் ஒரு வீடு. அடுப்போடு. வாசலைத் திறந்தால் தங்கை வீடு தெரிகிற மாதிரி. உலகம் பார்க்க ஆசைப்பட்டவன் கடலுக்கு முதுகைக் காட்டி வாசல் வைப்பானா? ஒரு காணிக்கு ஒரு பெயர், ஒரு வீடு என்று அப்பா அவனிடம் எப்போது சொன்னாரோ. சொன்னபோது அவன் என்ன சொன்னானோ. அவள் பெயர் ஏறட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினானோ. கேட்க ஒருவரும் உயிரோடு இல்லை.

இது எதற்கும் சாட்சி வேண்டாம் என்கிற மாதிரி பழைய நாள் ஒன்று அவள் கண்முன்னே வந்து நின்றது. சுருட்டிய தலைமுடி காற்றில் கலையாமல் இருக்க அவள் துணி கட்டிக்கொண்டிருக்கிறாள். வாசற்படியில் ராஸ்மி, கையெல்லாம் கல் சிராய்ப்பு. ‘மேட்டுக்கு வர்றியா பொடிசு? ஒண்ணு காட்டணும்.’ அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. ‘போடா. சொப்பு வச்சு விளையாட நான் என்ன குழந்தையா?’ அவன் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டான்.

ஓஸ்லாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து ஹார்பாட்டிலின் படத்தில் விழப் பார்த்தது. ஐலித் மெல்லப் படத்தை இழுத்துக்கொண்டாள். அடுப்பில் ஒரு பீட் கட்டி சரிந்து விழுந்தது.

“இதுக்கு என்னன்னு எழுதட்டும்?” என்றாள் ஐலித். “தெரியலைன்னு போட்டுறவா?”

“தெரியும்,” என்றாள் ஓஸ்லா. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “ராஸ்மி வீடுன்னு எழுதுங்க. தேதி போடணும்னா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டு, ஜூலை. அவன் காட்டறேன்னு கூப்பிட்டு, நான் வரமாட்டேன்னு சொன்ன வருஷம்.”